உடும்புக் கறியும் என் வீட்டு இகுவானாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் நாளிதழில், உடும்பைப் பிடித்துச் சமைத்ததாக இருவரை வனத்துறையினர் கைது செய்த செய்தி வந்திருந்தது. அதை ஒட்டி வந்த வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்தேன். ஊர்வனவற்றைத் தின்பதே அருவருப்பு, மனிதன் செய்கிற காரியமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தப் பழக்கமெல்லாம் சீனாக்காரர்களிடமிருந்தும் வடகிழக்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்களிடமிருந்தும் நம்மைத் தொற்றிக்கொண்டது என்றார் இன்னொருவர். மூன்றாமவர், உடும்புக் கறி மூட்டு வலிக்கு மருந்து, ஏழைகளுக்குக் கிடைக்கும் மருந்தை அரசு பறிக்கிறது என்று எழுதியிருந்தார். மூவருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். ஒன்பது வருடம் ஒரு பச்சை இகுவானாவை, பெரிய பல்லி வகை அது, வளர்த்தேன். இப்போது பந்துபோலச் சுருண்டுகொள்ளும் பால் பைதான் (ball python) மலைப்பாம்புகள் இரண்டு இருக்கின்றன. இகுவானாவுக்கு மரகதம் என்று பெயர் வைத்திருந்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய ஐந்தடி, அதில் பாதிக்கு மேல் வால்தான். காலையில் முருங்கைக்கீரை, அப்புறம் துருவிய பூசணி, எப்போதாவது செம்பருத்திப் பூ. பூவைக் கையில் பார்த்துவிட்டால் பால்கனியின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வரும்.

போன ஆடியில் மரகதம் செத்துப்போனது. பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டும், சில நேரம் அந்த முட்டைகள் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். கால்சியம் ஊசி, ஆன்டிபயாடிக் ஊசி, கடைசியில் அறுவைச் சிகிச்சை, எல்லாம் பார்த்தோம். அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டது.

பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்புக் காவலாளி, செங்கம் பக்கத்துப் பெரியவர், எழுபது வயதுக்குக் குறையாது, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். துண்டுக்கு வெளியே வால் தொங்கியதைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கேட்டார்.

"பாப்பா, தப்பா எடுத்துக்காத. அதைப் புதைக்கவா கொண்டு போற? எனக்குக் குடுத்துடேன். எங்க வீட்டுல முட்டி வலியில எழுந்திருக்கவே முடியல. உடும்பும் இதுவும் ஒரே சாதிதானே."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. கத்திவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் கேலியே இல்லை, நடக்க முடியாத மனைவிக்காகக் கேட்கிற முகம் அது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சின்ன வயதில் உடும்பு பிடித்த கதையை அவராகவே சொன்னார். நாய் போய்ப் புற்றுப் பக்கம் மோப்பம் பிடித்து நிற்கும். கடப்பாரையால் புற்றை இடித்து, வாலைப் பிடித்து இழுத்தால் வராதாம், நகத்தை மண்ணில் ஊன்றிக்கொண்டு உடம்பை உப்பிக்கொள்ளும். சும்மாவா உடும்புப்பிடி என்று சொன்னார்கள்? பிடித்தபின் வாலை வளைத்துக் கழுத்தோடு கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்களாம். நெருப்பில் வாட்டித் தோலைச் சுரண்டிவிட்டு, மிளகும் பூண்டும் அம்மியில் அரைத்துப் போட்டு அவருடைய அம்மா வைக்கும் குழம்பை அவர் சொன்னபோது, அறுபது வருடத்துக்கு முந்தைய பசி அவர் குரலில் இருந்தது. மழை பொய்த்த வருடங்களில் வீட்டில் கறி என்றால் அது ஒன்றுதானாம்.

அருவருப்பு என்று எழுதிய வாசகரே, அந்தக் குழம்பைப் பற்றித்தான் எழுதினீர்கள். அந்தப் பழக்கத்தை யாரும் வெளியிலிருந்து கொண்டு வரவும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேடர்களின் குடிசைக்குப் போகிற பாணனுக்குச் சிவந்த சோற்றோடு, நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியல் கிடைக்கும் என்று வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்கிறார்கள், வயல் ஆமையைப் புழுக்கித் தின்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்டதை, சாப்பிட்டதாகப் பெருமையோடு பாடி வைத்ததை, இன்றைக்கு எவனோ மணிப்பூர்க்காரன் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளைகள் நம் ஊரில் ஹோட்டலில் பாத்திரம் கழுவிப் பிழைக்கிறார்கள். அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்துவது நமக்கு அழகில்லை.

மரகதத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் போல வளர்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம், இந்தக் கேள்வி எல்லோர் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் வரும். நோயில் செத்த பிராணி அது. அதன் உடம்பு முழுக்க மருந்து. கோழிக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டால் இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, இகுவானாவுக்கு அப்படி எவரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. ஊர்வன பார்க்க நன்றாக இருக்கும்போதே குடலில் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமையை விற்கக் கூடாது என்று 1975ஆம் ஆண்டிலேயே தடை போட்டார்கள். நான் மரகதத்தைத் தொட்டுவிட்டு ஒருநாளும் சோப்புப் போடாமல் அடுப்படிக்குள் போனதில்லை. அப்புறம், பதிவு செய்து வளர்க்கிற அயல்நாட்டுப் பிராணி இறந்தால் அதையும் வனத்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், சட்டம் அப்படி.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இது உடும்பு இல்லையா?" என்றார். இல்லை ஐயா, உடும்பு மாமிசம் தின்னும், இது இலை தழை மட்டும் தின்னும், இதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் என்றேன். அங்கே இதை மரக்கோழி என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள், முட்டையைக்கூட விடமாட்டார்கள் என்றதும் ரொம்ப நேரம் யோசித்தார். "அங்கேயும் நம்மள மாதிரிதான்னு சொல்லு."

ஆமாம், நம்மைப் போலத்தான். ஆளாளுக்குப் பிடித்துத் தின்று, காடும் அழிந்து, இகுவானா குறைந்துபோனபோது, 1980களில் டக்மார் வெர்னர் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் பனாமாவிலும் பிறகு கோஸ்டாரிக்காவிலும் இகுவானாவைப் பண்ணையில் பெருக்கும் வேலையைத் தொடங்கினார். தின்பதை நிறுத்துங்கள் என்று அந்த மக்களிடம் அவர் சொல்லவில்லை. முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சை வளர்த்து மரத்தில் விடுங்கள், மரம் இருந்தால்தான் இகுவானா, ஆகவே மரத்தை வெட்டாதீர்கள் என்றார். இகுவானாவை வளர்த்தவளாக எனக்கு அந்தப் பண்ணைகளில் அறுப்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் அது சரியான வேலை என்றுதான் சொல்வேன்.

இதைச் சொல்லும்போது என்னுடைய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கேலாங் பக்கம் தவளைக் கஞ்சி பேர்போனது. மண்சட்டியில் இஞ்சி, வெங்காயத்தாள், காய்ந்த மிளகாய் போட்டு, கறுப்பு சோயாச் சாற்றில் கொதிக்கக் கொதிக்கத் தவளை வரும், பக்கத்தில் வெறும் வெள்ளைக் கஞ்சி. அந்தச் சமயத்தில் என் வீட்டில் கொம்புத் தவளை ஒன்று இருந்தது, கண்ணாடித் தொட்டியில், தேங்காய் நார்த் தூளுக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருக்கும். சட்டியில் இருந்த தொடையைப் பார்த்தேன். தசையின் அமைப்பு, முழங்கால் மடங்கிய விதம், எல்லாம் எனக்குத் தெரிந்த கால். முதல் வாய் இறங்கவில்லை. இரண்டாவது வாய் இறங்கியது. கோழியும் மீனும் கலந்த மாதிரி மென்மையாக இருந்தது, சாப்பிட்டு முடித்தேன். பண்ணையில் வளர்த்த பெரிய தவளை அது, எங்கேயோ ஒரு குளத்தைக் காலி செய்து வந்ததில்லை. அதனால் எனக்கு அது பாவமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

அங்கே ஒன்று கவனித்தேன். சிங்கப்பூரில் தவளைக் கஞ்சி சாப்பிடலாம், ஆனால் இகுவானாவோ மலைப்பாம்போ வீட்டில் வளர்த்தால் குற்றம். சென்னையில் காகிதம் இருந்தால் இகுவானா வளர்க்கலாம், ஆனால் வயல் தவளையைப் பிடித்துத் தின்றால் குற்றம். இரண்டு ஊர்ச் சட்டமும் அந்தந்த ஊருக்குச் சரிதான். எது அசிங்கம் எது நாகரிகம் என்று இந்தச் சட்டங்களை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

வயல் தவளையை ஏன் தொடக் கூடாது என்றானது? அதற்குக் காரணம் வயல்காரர்கள் தின்றது இல்லை, ஏற்றுமதி. பிரான்ஸ் தன் நாட்டுத் தவளையை வியாபாரத்துக்குப் பிடிப்பதை 1980ஆம் ஆண்டில் தடுத்துவிட்டது. ஆனால் தட்டில் தவளைக் கால் வேண்டும், ஆகவே நம் பக்கம் வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால் உறைய வைத்துக் கப்பலேறியது. மழைக்கால இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காட்டினால் தவளை அசையாமல் நிற்கும், சாக்கில் அள்ளிப் போடுவார்கள். உயிரோடு இருக்கும்போதே இடுப்புக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டு மீதியை எறிந்தார்கள். பூச்சியும் நண்டும் தின்று பயிரைக் காத்த தவளை போனதும், அந்த வேலைக்குப் பூச்சிமருந்து வாங்க வேண்டியதாயிற்று. 1987ஆம் ஆண்டில்தான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அப்புறம் அந்த வியாபாரம் இந்தோனேசியாவுக்குப் போனது, அங்கே இன்னும் நடக்கிறது.

சரி, சாப்பிடுகிறவர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். வளர்க்கிற எங்களைப் பற்றியும் பேச வேண்டாமா? மரகதத்தை நான் 2016ஆம் ஆண்டில் வடசென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், "இங்கேயே பிரீட் பண்ணது மேடம்" என்றார் கடைக்காரர். ரசீது கேட்டேன், சிரித்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை, எனக்குக் குஞ்சு வேண்டும் என்பதுதான் முக்கியமாக இருந்தது. மீனம்பாக்கத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியைத் திறந்தால் துணிக்குள் சாக்ஸில் கட்டிய பாம்புகள், டப்பாவில் அடைத்த இகுவானாக் குஞ்சுகள், செத்தது பாதி உயிரோடு பாதி என்று சுங்கத்துறை பிடிக்கும் செய்திகளை உங்கள் நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைக்காரரின் சிரிப்பு ஞாபகம் வரும். மரகதமும் அப்படி ஒரு சாக்ஸில் வந்திருக்கலாம். அதனுடன் வந்த எத்தனை குஞ்சுகள் வழியில் செத்தனவோ. உடும்பைத் தின்றவர் ஒன்றைக் கொன்றார், நான் ஆசையாக வளர்த்த ஒன்றுக்காக எத்தனை செத்தன என்பது எனக்குத் தெரியவே போவதில்லை.

2020ஆம் ஆண்டில் மத்திய அரசு, அயல்நாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம், காகிதம் கேட்க மாட்டோம் என்று அவகாசம் கொடுத்தபோது பதிவு செய்தேன். இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவது கட்டாயம். என் இரண்டு பாம்புகளுக்கும் காகிதம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளில் இந்தப் பால் பைதானைக் கறிக்கும் பிடிக்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு அனுப்பவும் லட்சக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள். அதே பெனினில் வீதா நகரத்தில் இதற்குக் கோயில் இருக்கிறது, தெருவில் வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே கொண்டு விடுவார்கள்.

வளர்ப்பவர்கள் செய்த பெரிய கேடு வேண்டுமானால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு பெரிதானதும் கொண்டுபோய் விட்டார்கள், வளர்ப்பிடங்களிலிருந்தும் தப்பின. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் அவை பெருகி, முயல், ரக்கூன் போன்ற சிறு விலங்குகளைத் துடைத்துவிட்டன. பிடித்துத் தின்று தீர்க்கலாம் என்றால் அதுவும் முடியாது, அந்தப் பாம்புக் கறியில் பாதரசம் அளவுக்கு மீறி இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க அவர்கள் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை, மாசி சடையன், வடிவேல் கோபால். 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்புத் தோல் வியாபாரம் 1970களில் நின்றபோது பிழைப்புப் போன அந்தச் சமூகம், 1978ஆம் ஆண்டில் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பெரும்பாலும் அந்த விஷம்தான் போகிறது. பிழைப்புக்கு மாற்று வழி காட்டியபிறகு தடை போட்டால் அது நிற்கும், வெறும் தடை மட்டும் போட்டால் ஏழை மட்டும் மாட்டுவான்.

மூன்றாவது கடிதம் எழுதியவருக்கு வருகிறேன், அவர் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். உடும்பு மூட்டு வலிக்கு மருந்தாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் இன்று அதைக் கொல்கிறது, பசி இல்லை. அடிபட்டவனுக்குப் பச்சை ரத்தம், ஆண்மைக்குக் கறி, வலிக்குத் தைலம் என்று சொல்லி விற்கிறவன் ஒரு கிலோவுக்கு ஆட்டுக்கறியைவிட அதிகம் வாங்குகிறான். கேரளத்தில் உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு எலி நுரையீரல் புழு மூளைக்கு ஏறி மூளைக்காய்ச்சல் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நத்தையைத் தின்னும் உடும்பின் உடம்பில் அந்தப் புழு இருக்கும். கடலாமைக்கும் இதே கதை. அழுங்காமையின் கறியில் சில நேரம் நஞ்சு ஏறியிருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். நம் தென்கடற்கரைக் கிராமங்களிலேயே அதைத் தின்று செத்திருக்கிறார்கள்.

உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. பிடித்தால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கஞ்சிராவுக்குக்கூட அதன் தோல் கூடாது என்று ஆகி, கலைஞர்கள் வேறு தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். கச்சேரி மேடை மாறும்போது கைமருந்து மட்டும் ஏன் மாறக் கூடாது?

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது, ஆசிரியரே. அந்தக் கைதுச் செய்தியின் கடைசிப் பத்தியில், 'உடும்பு இறைச்சி பல நோய்களுக்கு மருந்தாகக் கருதப்படுகிறது' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். பத்திரிகையில் வந்தது என்று சொல்லி அந்த வரியைக் காட்டி விற்பார்கள். அடுத்த முறை அந்த இடத்தில் ஒரு மருத்துவரிடம் கேட்டு இரண்டு வரி போடுங்கள். விமான நிலையத்தில் பிராணிகள் பிடிபட்டால் 'அரிய வகை, பல லட்சம் மதிப்பு' என்று விலையைப் போடுகிறீர்களே, அதையும் விட்டுவிடுங்கள். அந்த விலையைப் படித்துத்தான் அடுத்தவன் பெட்டியைக் கட்டுகிறான். அதற்குப் பதில் எத்தனை உயிரோடு வந்தன, எத்தனை செத்து வந்தன என்று போடுங்கள்.

பெரியவரின் மனைவியை அந்த வாரமே அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மூட்டுத் தேய்மானம் என்றார்கள். மாத்திரையும், நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏற இன்னும் முடியவில்லை, வாசல் வரை நடக்கிறார். மரகதத்தைக் காவலாளி அறைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில்தான் புதைத்தோம், குழி தோண்டியது பெரியவர்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கிழக்குத் தாம்பரம்